தூத்துக்குடியில் டிரையர் வாங்கியவன்

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நான் முதலில் பார்த்தது, டிரையரின் வட்டக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி. மிளகு அளவுதான் இருந்தது. உள்ளே துணிகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது பக்கத்தில் இன்னொரு புள்ளி சேர்ந்திருந்தது. அதற்கடுத்த சுற்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். உள்ளே சுற்றியவை ஒன்றைத் தவிர அனைத்தும் வெள்ளைத் துணிகள். அந்த ஒன்றைத் தவிர எதுவும் என்னுடையது இல்லை.

புள்ளிக்கு வருவதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தூத்துக்குடியில் துணி உலர்த்துவதற்கென்று மின்சார இயந்திரம் வாங்கியவன் நான். பாத்தி கட்டிக் கடல்நீரை விட்டால் வெயிலே அதை உப்பாக்கிக் கொடுக்கிற ஊர் இது. காலை ஒன்பது மணிக்குக் கொடியில் போட்ட பனியனை ஒன்பதரைக்கு எடுத்தால் நொறுக்கித் தின்னலாம். அந்த ஊரில் நான் கடைக்குப் போய் டிரையர் கேட்டேன். கடைக்காரர் நல்லவர். என்னைத் தடுக்கத்தான் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது தொவைக்குத மெஷின் இல்ல. காயப்போடுத மெஷினு. தெரிஞ்சுதான் கேக்கியளா?"

"தெரிஞ்சுதான்."

"ஊட்டிக்கா கொண்டு போறிய?"

"இங்கன முத்தையாபுரத்துக்குத்தான்."

பில் புத்தகத்தை எடுப்பதற்கு முன் அவர் வாசலுக்கு வந்து வானத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். மே மாதம். மதியம் பன்னிரண்டு மணி.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு நாளிதழில் மாவட்டப் பக்கத்துக்கு உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் தாளில் அச்செடுத்து சிவப்புப் பேனாவால் திருத்துவது வேலை. (கணினியிலேயே திருத்தலாமே என்று எல்லோரும் கேட்டாகிவிட்டது. எனக்குத் தாளில் பார்த்தால்தான் பிழை கண்ணில் படும்.) மனைவி ஜெபா செவிலியர். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் இரண்டு வருட ஒப்பந்தம் என்று போனாள். இரண்டு வருடம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருடம் என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுவாள். பிள்ளைகள் இல்லை.

டிரையர் எதற்கு என்று கேட்டவர்களிடம் நான் சொன்ன காரணம், கரித்தூசி. துறைமுகச் சாலையில் நிலக்கரி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் காயும் வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் ஒரு தினுசான சாம்பல் நிறம் அடைந்துவிடும். அது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை.

நான் குடியிருந்தது நான்கு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டில், மாடி வீட்டில். நான்கு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மொட்டைமாடி, வீட்டுக்கு இரண்டு கொடி. பத்திரிகைக்காரன் கண்ணுக்கு அந்த எட்டுக் கொடிகளும் தினசரி வெளிவரும் ஒரு செய்தித்தாள். சின்னச் சின்ன ஜட்டிகள் தொங்கினால் மகள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். போர்வையெல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தால் யாருக்கோ காய்ச்சல் விட்டிருக்கிறது. என் கொடியில் இரண்டு சட்டை, ஒரு பேன்ட், வீட்டில் கட்டும் ஒரு சாரம், ஒரு துண்டு. நேற்று வந்த செய்தியே இன்றும் வரும். இரண்டாவது கொடி வெறுமனே காற்றில் ஆடும். இரண்டு வருடம் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் கீழ்வீட்டு கிரேஸ் அக்கா கேட்டார். "தம்பி, ஒங்களுக்கு ஒரு கொடி சும்மாதான கெடக்கு. எங்க வீட்டுப் போர்வைய அதுல போட்டுக்கிடட்டா?"

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த வாரம் டிரையர் வாங்கினேன்.

ஜெபாவிடம் வெள்ளிக்கிழமை சொன்னேன். மாடிக்கு வாளி தூக்கிக்கொண்டு ஏறுவது அவளுக்கு ஆகாது. இங்கே இருந்தவரை அதைச் சொல்லாத நாள் இல்லை. "இனிமே யாரும் மாடி ஏற வேண்டாம். எல்லாம் வீட்டுக்குள்ளேயே காஞ்சிரும்" என்றேன். மறுமுனையில் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "நல்லதாப் போச்சு" என்றாள். "ஒங்களுக்கு வசதிதான்."

இயந்திரம் வந்திறங்கிய அன்று கிரேஸ் அக்காவின் கணவர் தங்கராஜ் அண்ணாச்சி வந்து பார்த்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். காலையில் எங்கள் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டு, நான் விட்ட பிழைகளை எனக்குப் படியில் வைத்துச் சொல்வார். டிரையரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பின்பக்கம் தட்டிப் பார்த்தார். "வெயிலுக்குக் கரண்டு பில்லு கட்டுத ஒரே ஆளு நம்ம தம்பிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு ஆறு மாதம் அந்த இயந்திரமும் நானும்தான். அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். தொலைக்காட்சி பார்ப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டேன். சட்டையின் கை ஒன்று கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரும். (கையசைக்கிற மாதிரி இருக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்படித்தான் இருந்தது.)

நவம்பரில் மழை பிடித்தது. உப்பு அம்பாரங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். ஆறு நாட்களாக வெயில் இல்லை. காம்பவுண்டில் எல்லா வீட்டு ஜன்னல் கம்பிகளிலும், நாற்காலி முதுகுகளிலும், கதவுகளிலும் ஈரத்துணி. ஊரெல்லாம் ஒரு வாடை. என் வீட்டில் மட்டும் துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் சூடாக வெளியே வந்துகொண்டிருந்தது. இதை நான் யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை என்பதே காரணம்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கிரேஸ் அக்கா. கையில் வாளி. பின்னால் அவருடைய மகள் பியூலா, பதினைந்து வயது.

"தம்பி, அந்த மெஷினு ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"பியூலாவுக்கு நாளைக்குத் திடப்படுத்தல். காலைல எட்டரைக்கு பிஷப் அய்யா வாராங்க. வெள்ளச் சுடிதார வியாழக்கெழம தொவச்சேன். இன்னும் பொதபொதன்னு கெடக்கு, நாத்தம் வேற. இன்னைக்கு மறுபடி அலசி, கஞ்சி போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

எங்கள் சபையில் பிள்ளைகள் மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய், ஜெபங்களையும், கற்பனைகள் என்று நாங்கள் சொல்லும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்து, கடைசியில் பேராயர் வந்து தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதற்குப் பெயர் திடப்படுத்தல். அதற்குப் பிறகுதான் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்தில் பங்கு. வெள்ளையில்தான் வர வேண்டும். பேராயர் எங்கள் பக்கம் வருவது வருடத்துக்கு ஒரு முறை.

பியூலா வாளியை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆறு மாசமா வகுப்புக்குப் போயிருக்கேன் மாமா. பத்துக் கற்பனையையும் கடைசில இருந்து மொதலுக்குச் சொல்லுவேன். எல்லாம் ரெடி. டிரெஸ் மட்டும் காயல."

"ஏளா, மாமாட்ட வாயடிக்காத."

அதுவரை ஆறு மாதமாக என் கதவைத் தட்டியவர்கள் சிலிண்டர்காரரும், வீடு மாறி வந்த கூரியர்காரரும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விஞ்ஞானியைப் போலப் பேச ஆரம்பித்தேன். வெப்பநிலை, ஈரப்பதம், சுழற்சி வேகம். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன மணிக்கு வரட்டும்?" என்றார் அக்கா.

"அஞ்சு மணிக்கு வாங்க. தேச்சு மடிச்ச மாதிரி இருக்கும்."

(இந்த வாக்கியத்தை இன்று வரை எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார்கள்.)

வாளியில் இருந்தவை, பியூலாவின் வெள்ளைச் சுடிதார், பேன்ட், துப்பட்டா, அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை, வேட்டி. மொத்தம் ஐந்து உருப்படி. கிரேஸ் அக்கா கஞ்சி போடுவதில் தாராளம். தலையணை உறைக்குக்கூடக் கஞ்சி போடும் குடும்பம். ஒவ்வொன்றாக உதறி உள்ளே வைத்தேன். கதவை மூடப் போகும்போது குளியலறையில் ஈரமாகக் கிடந்த என் நீலக்கட்டச் சட்டை ஞாபகம் வந்தது. அது காத்திருக்கலாம். திங்கட்கிழமை வரை அதற்கு வேலை இல்லை. எடுத்துவந்து அவர்கள் துணிகளுக்கு நடுவில் போட்டேன். இருப்பதிலேயே அதிகச் சூடு, அதிக நேரம் என்று திருகினேன். இரண்டு இருபதுக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று கண்ணாடிக்குள் நிறையப் பேர் இருந்தார்கள். அண்ணாச்சியின் சட்டை வந்தது, பியூலாவின் துப்பட்டா வந்தது, நடுவில் என் நீலக் கை வந்தது. மழைச் சத்தம். அப்படியே கண் அசந்துவிட்டேன்.

நான்கு பத்துக்குக் கண் திறந்தபோது பார்த்ததைத்தான் முதலில் சொன்னேன்.

நிறுத்திக் கதவைத் திறந்தேன். என் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. துவைத்தபோது பொறுத்துக்கொண்ட பேனா, சூட்டில் வாயைப் பிளந்திருந்தது. அலுவலகத்தில் முந்தின நாள்தான் புதிதாக வாங்கியது, முழுப் பேனா. சுடிதாரின் மார்பில் ஒன்று, கையில் ஏழு, முதுகில் நீளமாக ஒரு அடிக்கோடு. துப்பட்டாவில் வரிசையாகப் புள்ளிகள். அண்ணாச்சியின் வேட்டியில் ஒரு வட்டம், சுழித்து, கேள்விக்குறி போட்டது மாதிரி. பதினான்கு வருட வேலையில் அவ்வளவு திருத்தம் உள்ள ஒரு பிரதியை நான் பார்த்ததில்லை. போதாததற்கு, கஞ்சி வெந்து இறுகி, எல்லாத் துணிகளும் சுருண்ட நிலையிலேயே விறைத்திருந்தன. சுடிதாரை மேசைமேல் வைத்தேன். அது தானாக நின்றது.

எனக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. கீழே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகச் செல்பேசியில் கறை நீக்கும் வழி தேடினேன். உப்பு போடு என்றது ஒரு காணொளி. உப்புக்கு இந்த ஊரில் என்ன குறை? அரைக் கிலோ போட்டேன். பாலில் ஊறவை என்றது இன்னொன்று. ஊற்றினேன். எலுமிச்சை, பற்பசை, கடைசியில் சவரம் செய்தபின் தடவும் ஸ்பிரிட். ஸ்பிரிட் பட்டதும் சிவப்பு அசைந்தது. நான் மகிழ்ந்தேன். அசைந்த சிவப்பு நாலா பக்கமும் பரவி ரோஜா நிற மேகமாக நின்றது. ஐந்து மணிக்கு என் வாளியில் இருந்தது துணி என்று சொல்ல முடியாது. பால், கஞ்சி, உப்பு, எலுமிச்சை எல்லாம் சேர்ந்து, தாளித்தால் சாப்பிடலாம் என்கிற நிலைக்கு வந்திருந்தது.

சரியாக ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இந்த முறை அண்ணாச்சியும் வந்திருந்தார்.

கிரேஸ் அக்கா வாளிக்குள் பார்த்தார். சுடிதாரை இரண்டு விரலால் தூக்கினார். மறுபடி உள்ளே விட்டார். ரத்தம் என்று முதலில் நினைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

"என்ன தம்பி இது?"

"பேனாக்கா."

அண்ணாச்சி தன் வேட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பேப்பர்ல விட்ட திருத்தத்தையெல்லாம் இங்கன போட்டுட்டியளோ" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், புரியாமல் கேட்டார். "எங்க துணியோட ஒங்க சட்டைய எதுக்குப் போட்டிய?"

"மெஷினு பாதி காலியா ஓடக்கூடாதுன்னு புக்ல போட்டிருக்கு" என்றேன். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. இருபத்துநான்கு பக்கத்தையும் பலமுறை படித்தவன் நான்.

சத்தம் கேட்டு பியூலா மேலே வந்தாள். வாளியைப் பார்த்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பரவால்லம்மா. நான் அடுத்த வருஷம் எடுத்துக்கிடுதேன்" என்றாள். குரல் மட்டும் சின்னதாகிவிட்டது.

அண்ணாச்சி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து முழுக்க நனைந்து திரும்பி வந்தார். டவுனுக்குப் போகும் வழியில் தண்ணீர். திறந்திருந்த இரண்டு கடையிலும் வெள்ளையில் இருந்தது பள்ளிக்கூடச் சட்டையும் சாக்ஸும்தான். அந்த ஒரு மணி நேரமும் நான் கீழ்வீட்டு நடையில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. காப்பி கொடுத்தார்கள். (குடித்தேன்.)

"ஏய் பியூலா" என்றேன் கடைசியில். "சேலை கட்டுவியா?"

ஜெபாவிடம் ஒரு வெள்ளைச் சேலை உண்டு. செவிலியர் படிப்பு முடித்த நாளில், விளக்கைக் கையில் பிடித்து உறுதிமொழி எடுத்தபோது கட்டியது. அது இருந்த மர அலமாரியை அவள் போன நாளிலிருந்து நான் திறக்கவில்லை. சாவி எங்கே இருக்கிறது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிரேஸ் அக்கா வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அலமாரிக் கதவு மழைக்கு ஊதியிருந்ததால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. சேலை மடித்த மடிப்பில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. மற்றபடி வெள்ளைதான்.

அக்கா அதைக் கையில் வாங்கி, உள்பக்கம் திருப்பி, கரையைப் பார்த்தார். "ஜெபா மைனிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க தம்பி."

"கேட்டுட்டேன்" என்றேன். அதுவும் பொய்.

சேலையோடு இருந்த ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் பிடித்துத் தையல் போட்டார்கள். மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு பியூலா தண்ணீரில் நடந்தாள். அண்ணாச்சி குடை பிடித்தார். அவர் போட்டிருந்தது காக்கிப் பேன்ட். பேராயர் பதினெட்டுப் பிள்ளைகள் தலையில் கைவைத்தார். சேலை கட்டியிருந்தவள் இவள் ஒருத்திதான். வரிசையில் அவள் திரும்பி நடந்து வந்தபோது, தூரத்தில், நடை ஜெபாவின் நடை மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. (மழை. உள்ளே எல்லோரும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.)

செவ்வாய்க்கிழமை வெயில் வந்தது. அக்கா சேலையை அலசி மாடியில் போட்டார். போட்டது என் இரண்டாவது கொடியில். அலுவலகத்திலிருந்து நான் திரும்பி வருவதற்குள் தெருவில் மூன்று பேர் என்னை நிறுத்தினார்கள். பால்காரர், எதிர்வீட்டு டீச்சர், இஸ்திரி போடுகிறவர். மூவரும் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டது ஒரே கேள்வி. "வீட்டுல வந்துட்டாங்க போல?"

இல்லை என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்.

இது நடந்து எட்டு வருடம் ஆகிறது. பியூலா திருநெல்வேலியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு எனக்குச் சாப்பாடு கீழ்வீட்டில்தான். வாசலில் வைத்தே என் சட்டைப் பையைச் சோதித்து, பேனா இருந்தால் பிடுங்கிக்கொண்டு, "இப்ப உள்ள வாங்க மாமா" என்பாள். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லுவாள். கதையில் இப்போது சுடிதார் மூன்றாகிவிட்டது. என்னைப் போலீஸ் விசாரித்ததாகவும் ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. நான் எதையும் திருத்துவதில்லை. டிரையர் அவர்கள் வீட்டுக்கே போய்விட்டது. உள்ளே அரிசி கொட்டி வைத்திருக்கிறார்கள். எலி ஏற முடியவில்லை என்று அண்ணாச்சி அந்த இயந்திரத்தை முதல் முறையாகப் பாராட்டினார்.

அவள் சொல்லும் கதையில் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கும். அது அவளுக்குத் தெரியாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெபா கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். பேனா, பால், பற்பசை, தானாக நின்ற சுடிதார். அவள் சிரித்தாள். நிறுத்திவிட்டு, மறுபடி சிரித்தாள். அப்படிச் சிரித்துக் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று நானும் அங்கங்கே கூட்டிச் சொன்னேன். சேலையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"பிள்ளைக்கு நல்லா இருந்துதா?" என்றாள்.

"நல்லா இருந்துது."

"அப்ப அவளே வச்சுக்கிடட்டும்." பிறகு, "மத்த சேலையளையும் அந்த அக்காட்டயே குடுத்திருங்க. உள்ளேயே கெடந்தா பூச்சி அரிச்சிரும்" என்றாள்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து எண்ணினேன். பதினொரு சேலைகள் இருந்தன.